சுருதி சேராத பெட்டி

"ஏண்டா, இதற்கு இழுப்பு உண்டா?" என்று கேட்டாள் அம்மா.

அவள் கேட்டது என் பழைய கம்ப்யூட்டரைப் பற்றி. 2005-ம் வருஷம் வாங்கிய பெட்டி. ஊரில் எல்லோரும் ஸி.பி.யு. என்று அழைக்கும் அந்தத் தகரக் கூட்டின் தயவில்தான் என் நாவல்களில் மூன்று வெளிவந்தன. மாடி அறையில் இருந்த வரையில் அதன் சப்தம் எனக்கு உறைத்ததே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பஸ் போகும், ஆட்டோ போகும், எதிர் வீட்டில் மோட்டார் போடுவார்கள். இத்தனை வாத்தியங்களுக்கு நடுவே ஒரு பெட்டியின் முனகல் எம்மாத்திரம்? கூடத்துக்குக் கொண்டு வந்து, கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கிய பிறகுதான் அது மூச்சு வாங்குகிற விதம் எனக்கே தெரிந்தது.

கூடத்துக்கு ஏன் கொண்டு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தாயார் நன்றாகப் பாடுவாள். மேடை ஏறியவள் அல்ல. கொலுவுக்கும் கல்யாணத்துக்கும் பாடியதோடு சரி. 1988-ல் அப்பா ஒரு டேப் ரிகார்டர் வாங்கி வந்து, இதே கூடத்தில் அவளை உட்கார வைத்துப் பாடச் சொல்லி, பதினோரு காஸெட்டுகளில் பிடித்து வைத்தார். அப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. அம்மாவின் குரலும் இப்போது இல்லை. பேசினாலே நாலாவது வார்த்தையில் கம்மிவிடுகிறது. சென்ற வருஷம் அக்காவின் பிள்ளை அந்தக் காஸெட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக் கொடுத்தான். செல்போனில் போட்டுக் காட்டினோம். "கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது" என்று தள்ளிவிட்டாள். ஆகவே பழைய ஸ்பீக்கர்கள் இரண்டும் பெட்டியும் மாடியிலிருந்து இறங்கின. புதிதாக ஒன்று வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஓடுகிற பொருளைத் தூக்கிப் போடுவது எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை.

சங்கராபரணத்தை வைத்தேன். இரண்டு நிமிஷம் கேட்டாள். முகம் சுளித்தது.

"நான் பாடியது சங்கராபரணம்தானே? பக்கத்தில் யாரோ பிரதி மத்திமத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே. கல்யாணி ஆக்கிவிட்டுத்தான் மறு காரியம் பார்ப்பார்கள் போலிருக்கிறது!"

வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அன்று இரவு பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். விசிறிக்கு ஏழு இதழ்கள். நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்று கம்ப்யூட்டரே காட்டியது. அதாவது விநாடிக்கு 40. ஏழு இதழும் நாற்பது தடவை காற்றை வெட்டினால் விநாடிக்கு 280 அதிர்வு. அம்மாவின் சுருதி ஐந்து கட்டை. அந்த ஷட்ஜம் விநாடிக்கு 196 அதிர்வு. அதற்குப் பிரதி மத்திமம் 277-க்குப் பக்கத்தில் விழும். கல்லூரியில் பௌதிகப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்களை வெளியே சொல்வதில்லை. நான் காகிதமும் பென்சிலுமாக அரை மணி உட்கார்ந்து கண்டுபிடித்ததை அம்மாவின் காது இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்திருந்தது.

ஸ்பீக்கரின் சப்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். பாட்டு உரக்கக் கேட்டது, வாஸ்தவந்தான். ஆனால் சங்கீதம் என்பது உரக்க ஒலிக்கும் இடங்களில் மட்டுமா இருக்கிறது? அடங்குகிற இடம், மூச்சு விடுகிற இடம், தம்புரா தனியே நிற்கிற இடம், எல்லாவற்றையும் விசிறி மெழுகிவிட்டது.

இந்தச் சப்தம் எங்கிருந்து வந்தது, யார் இதை நம் வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள் என்று அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விசித்திரம் புலப்பட்டது. கம்ப்யூட்டருக்குத் தகப்பன் என்று உலகம் கொண்டாடும் ஆங்கிலேயர் சார்லஸ் பாபேஜ் இருக்கிறாரே, அவரைப் போலச் சப்தத்தை வெறுத்த மனிதர் பூலோகத்தில் இருந்திருக்கமாட்டார்!

பாபேஜ் 1791-ல் பிறந்து 1871-ல் மறைந்தவர். லண்டனில் மேரில்போன் பகுதியில் டார்ஸெட் தெருவில் அவர் வீடு. பல் சக்கரங்களால் கணக்குப் போடும் யந்திரத்தை வாழ்நாள் முழுவதும் வரைந்துகொண்டும் செய்துகொண்டும் இருந்தார். அந்தக் காலத்து லண்டன் தெருக்களில், கைப்பிடியைச் சுற்றினால் பாட்டு வரும் ஆர்கன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்கள் ஏராளம். அவர்கள் ஜன்னலடியில் நின்று சுற்றினார்கள் என்றால் பாபேஜின் கணக்கு கலைந்துவிடும். தம் உழைக்கும் சக்தியில் கால் பங்கு இவர்களால் பாழாயிற்று என்று 1864-ல் வெளியான தம் சுயசரிதையில் எழுதினார். அதில் தெருத் தொல்லைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்! போலீஸைக் கூப்பிட்டார், கோர்ட்டுக்குப் போனார். பலன்? அண்டை வீட்டார் வேண்டுமென்றே பாட்டுக்காரர்களை அழைத்து வந்து அவர் ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினார்கள். தெருவில் போனால் பையன்கள் கூட்டமாகப் பின்னால் கத்திக்கொண்டு வந்தார்கள்.

ஆனாலும் அதே 1864-ல் பார்லிமெண்டில் தெரு சங்கீதச் சட்டம் ஒன்று நிறைவேறியது. கொண்டு வந்தவர் மைக்கேல் பாஸ் என்ற அங்கத்தினர். பீர் காய்ச்சும் கம்பெனியின் முதலாளி. வீட்டுக்காரர் தகுந்த காரணம் சொல்லிப் போகச் சொன்னால் பாட்டுக்காரர் போய்விட வேண்டும் என்பது சட்டம். இதற்கு ஆதரவாகக் கையெழுத்துப் போட்டவர்களில் டிக்கன்ஸ் உண்டு, டென்னிஸன் உண்டு, கார்லைல் உண்டு. எழுத்தாளர் ஜாதி முழுவதும் பாபேஜ் கட்சி என்று தெரிகிறது. எனக்கோ இதில் ஒரு சங்கடம். ஆர்கன் சுற்றியவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அவர்கள் பக்கத்து நியாயத்தை எழுதி வைக்க ஒரு டிக்கன்ஸ் முன்வரவில்லை.

பாபேஜ் தம் யந்திரத்தை முடிக்கவே இல்லை. அவர் வரைந்த படங்களின்படி, வித்தியாச யந்திரம் எண் 2 என்பதன் கணக்கிடும் பகுதியை லண்டன் ஸயன்ஸ் மியூஸியத்தார் 1991-ல் செய்து ஓட்டிக் காட்டினார்கள். சுமார் 4,000 உறுப்புகள். கைப்பிடியைச் சுற்ற வேண்டும்; சுற்றினால் கடகடவென்று இரும்பும் வெண்கலமும் தாளம் போடும். மனிதர் முடித்திருந்தால் தம் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆர்கன் பெட்டி வைத்துக்கொண்டிருப்பார்.

மேலே சொன்ன கார்லைலின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. ஏனென்றால் அவர் செய்த தவறையே நானும் செய்தேன். அடுத்த வீட்டுச் சேவலும் பியானோவும் தாங்காமல், செல்ஸியில் இருந்த தம் வீட்டின் உச்சியில், 1853-ல், இரட்டைச் சுவர் வைத்து, வெளிச்சத்துக்குக் கூரையில் கண்ணாடி பதித்து, சப்தம் புகாத அறை ஒன்று கட்டிக்கொண்டார். செலவுதான் ஆயிற்று. அவர் நாடிய நிசப்தம் கிட்டவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெட்டியைத் தூக்கி அம்மாவின் பழைய தேக்கு பீரோவுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். பத்து நிமிஷம் அமைதி. பிறகு உள்ளே காற்று சூடேற ஏற, விசிறி வெறிகொண்டு சுற்றத் தொடங்கிற்று. கால் மணிக்கெல்லாம் கம்ப்யூட்டர் தானே நின்றுவிட்டது. பீரோவைத் திறந்தால் அடுப்பைத் திறந்த மாதிரி அனல்.

அப்போதுதான் விஷயத்தின் மர்மம் எனக்குப் பிடிபட்டது. நான் அது வரையில் விசிறியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன். விசிறி வேலைக்காரன். எஜமானன் உஷ்ணம். கம்ப்யூட்டருக்குள் போகிற மின்சாரம் முழுவதும், நாம் கணக்குப் போட்டாலும் பாட்டுக் கேட்டாலும், முடிவில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூடு வெளியேறுகிற ஓசைதான் நாம் கேட்கிற ஓசை.

ஆரம்ப நாளிலிருந்தே இதுதான் கதை. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் எனியாக் என்ற யந்திரத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள். 30 டன் எடை. பழைய ரேடியோவில் இருந்த அதே ஜாதி வால்வுதான். ஒவ்வொன்றும் ஒரு குட்டி அடுப்பு. மொத்தம் 150 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கிய அந்த யந்திரத்துக்குப் பெரிய மோட்டார் வைத்துக் காற்று ஊதவேண்டியிருந்தது. பத்து வருஷம் கழித்து, 1956-ல், ஐ.பி.எம். கம்பெனியார் ராமாக் என்ற யந்திரத்தோடு முதல் ஹார்ட் டிஸ்கைக் கொண்டு வந்தார்கள். இரண்டடி அகலத் தட்டுகள் ஐம்பது. நிமிஷத்துக்கு 1,200 சுற்று. படிக்கும் முனை தட்டில் உரசாமல் மிதப்பதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் வேறு. ஐம்பது லட்சம் எழுத்துக்களை அது வைத்துக்கொண்டது. ஆனால் யாரும் முறையிடவில்லை. யந்திரத்துக்குத் தனி அறை, அறைக்குக் கதவு, கதவுக்கு வெளியே மனிதர்கள். ஆலையில் இரைச்சல் என்று யார் புகார் செய்வார்கள்?

வினை வந்தது, யந்திரம் வீட்டுக்குள் நுழைந்தபோதுதான். அதை முதலில் உணர்ந்தவர் என்று ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸைச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பொருளுக்குள் விசிறி கூடாது என்பது அவருக்கு ஒரு விரதம் மாதிரி. 1977-ல் வந்த ஆப்பிள் 2-ல் அது சாத்தியமாயிற்று. ராட் ஹோல்ட் என்ற எஞ்சினியர் குறைவாகச் சூடேறும் பவர் சப்ளை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். சூட்டைக் குறைத்தார்கள், விசிறி தேவைப்படவில்லை. நியாயமான வழி.

1980-ல் வந்த ஆப்பிள் 3-ல் அதற்கு நேர் விரோதம். உள்ளே சாமான்களை நெருக்கி அடைத்துவிட்டு, விசிறி மட்டும் கூடாது என்றார்கள். சூட்டில் சில்லுகள் தம் இருக்கையிலிருந்து மெல்ல எழும்பிவிட்டன. யந்திரத்தை மேஜையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கித் தொப்பென்று போட்டால் சில்லுகள் மறுபடி உட்கார்ந்துகொள்ளும் என்று கம்பெனிக்காரர்களே யோசனை சொன்னார்கள் என்பது பிரசித்தமான கதை. நம் வீட்டு டெலிவிஷனைத் தலையில் தட்டினோமே, அதற்கு அண்ணன்! அடுத்த வருஷம் யந்திரத்தைத் திருத்தி வெளியிட்டும் போன பெயர் திரும்பவில்லை. 1984-ல் அதற்கு மங்களம் பாடிவிட்டார்கள்.

ஜாப்ஸ் மனம் மாறவில்லை. 1984 ஜனவரியில் வந்த மாகிண்டாஷிலும் விசிறி இல்லை. ஜனங்கள் அதற்கு ரொட்டி சுடும் டோஸ்டர் என்று செல்லப் பெயர் வைத்தார்கள். அதன் தலையில் கவிழ்த்து வைக்க அட்டையில் புகைபோக்கி செய்து விற்ற ஆசாமிகள்கூட உண்டு. 1985-ல் ஜாப்ஸ் கம்பெனியை விட்டுப் போனார். 1987-ல் வந்த மாகிண்டாஷ்களில் விசிறி வந்துவிட்டது. பிறகு அவர் திரும்பி வந்ததும், 2000-த்தில் க்யூப் என்று கண்ணாடிப் பேழை போல ஒரு யந்திரம், மறுபடியும் விசிறி இல்லாமல்! கீழிருந்து மேலாகக் காற்று தானே ஏறி வெளியே போகும்படி நடுவில் வழி விட்டிருந்தார்கள். பார்க்க அற்புதம். விலை அதிகம், ஒரே வருஷத்தில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். கதாசிரியன் என்ற முறையில் இந்தப் பிடிவாதத்தை நான் ரசிக்கிறேன். ஆனால் என் அம்மாவின் பாட்டை அவரிடம் ஒப்படைத்திருக்க மாட்டேன்.

இதற்குள் சில்லுகளே தணலாகிக் கொண்டிருந்தன. 1993-ல் வந்த முதல் பெண்டியம் சுமார் 15 வாட் சூட்டைக் கக்கிற்று. அதன் தலைமேல் விசிறி ஏறியது. 2001-ல் இன்டெல் கம்பெனியின் பாட்ரிக் கெல்சிங்கர், இந்தப் போக்கிலே போனால் சில்லின் உஷ்ண நெருக்கம் அணு உலையை எட்டும், பிறகு ராக்கெட்டின் வாயை எட்டும், பிறகு சூரியனின் மேற்பரப்பையே எட்டும் என்று எச்சரித்தார். 2004-ல் வந்த பெண்டியம் 4 சிலவற்றில், கட்டை விரல் நகத்தளவுச் சில்லு 100 வாட்டைத் தாண்டியது. பழைய நூறு வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டவர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும். அதே வருஷம் மே மாதம் அடுத்து வரவிருந்த சில்லையே கம்பெனியார் கைவிட்டார்கள். 2006-ல் வந்த புது ஜாதிச் சில்லுகள் 65 வாட்டில் அதைவிட அதிக வேலை செய்தன. வேகப் பந்தயத்தை நிறுத்த வைத்தது புத்திசாலித்தனம் அல்ல, சூடு.

நான் 2005-ல் வாங்கினேன் என்று சொன்னேன் அல்லவா? சரித்திரத்திலேயே மிகவும் சூடான சமயம் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

ரிச்சி தெருவில் ஒரு சந்துக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். கடைப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இதை எந்த வருஷம் தொறந்தீங்க?" என்று கேட்டான். நான் மௌனம் சாதித்தேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தைக்கலாம். பெயிண்ட் பிரஷ்ஷாலும் ஊதும் யந்திரத்தாலும் அதைப் போக்கினான். சில்லுக்கும் அதன் மேலுள்ள உலோகப் பாளத்துக்கும் நடுவே தடவியிருந்த பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவினான். இவ்வளவுக்கே சூடு கணிசமாக இறங்கிவிட்டது.

பிறகு பழைய பாளத்தை எடுத்துவிட்டு, செம்புக் குழாய்கள் ஓடுகிற உயரமான கோபுரம் ஒன்றைப் பொருத்தினான். அந்தக் குழாய்க்குள் துளித் திரவம் இருக்கிறது. சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய்த் திரவமாகி, திரும்பி வருகிறது. ஓயாத மழையும் மேகமும். 1963-ல் அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் சோதனைச்சாலையில் ஜார்ஜ் குரோவர் என்ற பௌதிக நிபுணர் இதை உருவாக்கினார். ஆகாசத்தில் பறக்கிற கலங்களுக்காக யோசித்த சாதனம் ரிச்சி தெருச் சந்தில் எனக்கு இரண்டாம் கையாகக் கிடைத்தது.

விசிறியையும் மாற்றினான். 80 மில்லிமீட்டர் போய் 120 மில்லிமீட்டர் வந்தது. பெரிய விசிறி நிதானமாகச் சுற்றினாலே போதிய காற்று வரும். நிதானத்தில்தான் லாபம்: ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகிறது, சப்தமோ 15 டெஸிபல் இறங்குகிறது. 10 டெஸிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகப் படும். இப்படிச் சரி பாதி கொடுத்து அதற்கு மேல் வாங்குகிற பேரம் உலகத்தில் எங்கே கிடைக்கிறது? மெதுவாக்கும் வித்தையும் வேடிக்கையானது. 12 வோல்ட் மஞ்சள் ஒயரையும் 5 வோல்ட் சிவப்பு ஒயரையும் விசிறியின் இரு முனைகளுக்குக் கொடுத்தான். வித்தியாசம் 7 வோல்ட். 1,200 சுற்ற வேண்டியது 700-ல் நின்றது.

இந்த வித்தைகளை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த மேல்நாட்டார் குளிர்ந்த வீடுகளில் இருப்பவர்கள். அறைக் காற்று எத்தனை டிகிரி கூடுகிறதோ அத்தனை டிகிரி சில்லும் கூடும். அவர்களுடைய 20 டிகிரி அறையில் சரிப்படுவது நம் சித்திரை மாதத்து 36 டிகிரிக் கூடத்தில் சரிப்படாது. கடைசி ஒயரை முடிச்சுப் போடுமுன் பையன் இதை யோசித்து, "மே மாசம் மட்டும் பன்னிரண்டுல போட்டுக்குங்க சார்" என்று ஒரு சுவிட்சு வைத்தான். அவன் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன்.

மிச்சம் இருந்தது ஹார்ட் டிஸ்கின் கரகரப்பு. தட்டின் நடுக்கம் திருகாணி வழியாகத் தகரத்துக்கு ஏறி, பெட்டி முழுவதும் கடம் வாசிக்கிறது. தையல் கடை எலாஸ்டிக் வாங்கி, ஹார்ட் டிஸ்கைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டேன். இது என் சொந்தக் கைவேலை. மூன்று நாள் பெருமைப்பட்டுக்கொண்டேன். நாலாம் நாள் அக்கா பிள்ளை வந்து பார்த்துச் சிரித்து, சுற்றும் தட்டே இல்லாத புது மாதிரி டிஸ்க் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். தொட்டில் காலி.

அன்று சாயங்காலம் அதே சங்கராபரணத்தை வைத்தேன். பெட்டி ஓடுகிறதா என்று பச்சை விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆலாபனை மேல் ஷட்ஜத்தில் நின்று, இறங்கி, ஓய்ந்தது. தம்புரா மட்டும். அதற்கும் பின்னால் மெல்லியதாக, க்றீச்... க்றீச்... என்று ஏதோ ஒன்று.

டேப் தேய்ந்திருக்கிறது என்று எண்ணி நான் எழுந்தேன். அம்மா கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"ஊஞ்சல்" என்றாள்.

இந்தக் கூடத்தில் முன்பு ஊஞ்சல் இருந்தது. சங்கிலிக்கு எண்ணெய் விடச் சொல்லி அம்மா தினமும் சொல்வாள். அப்பா நாளைக்கு என்பார். டேப் ரிகார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவர் அதில்தான் உட்கார்ந்திருப்பார். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் காலடியில் உட்கார்ந்திருந்தேன். க்றீச் என்ற சப்தம் இரண்டு தடவை வந்து நின்றது. யாரோ தொண்டையை மெல்லக் கனைத்துக்கொண்டார்கள். பிறகு அம்மா கீர்த்தனையை எடுத்தாள்.

"பாட்டு இருக்கட்டும்டா" என்றாள் அம்மா. "அந்த இடத்தை இன்னொரு தரம் வை."